ஓடாத காருக்கு இரண்டு தக்கை

அத்தியாயம் 6

கீனோ நசுங்கின காரின் முன்பக்கத்துக்குள் தலையை விட்டான், வெளியே எடுத்தான், பார்த்ததை நம்பாமல் மறுபடியும் விட்டான்.

"முதலாளியம்மா, உங்க திருடன் மூடி போட்டுட்டுப் போயிருக்கான்."

"எதுக்கு மூடி?"

"குழாய்க்கு. இங்க வந்து பாருங்க. ஏசி கம்ப்ரஸரைக் கழட்டியிருக்கான், சரி. அதுல வந்து சேர்ற ரெண்டு குழாயையும் அப்படியே விட்டுட்டான், அதுவும் சரி. ஆனா ரெண்டு வாயிலயும் தக்கை வச்சு அடைச்சிருக்கான். ஒயின் பாட்டில் தக்கை. கத்தியால சீவி, அளவு பார்த்து, மேல கம்பி வேற சுத்தியிருக்கான். இந்த வண்டி இனிமே எந்த ஊர்வலத்துக்குப் போகப் போகுது?"

ஒப்துலியா வைக்கோல் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுக் குனிந்தாள். ஸ்பெயினில் கோர்தோபா பக்கத்து ஜூலை வெயில் லேசுப்பட்டதில்லை. காயலான் கடையில் நிற்கிற வண்டிகளைத் தொட்டால் விரல் பொத்துப் போகும். அதில் அறுபது வயசு அம்மாள் ஒருத்தி கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு, தொலியைத் துப்பாமல் பைக்குள் போட்டுக்கொண்டு நின்றால் யாருக்கும் துப்பறிகிறவள் என்று தோன்றாது. சந்தைக்கு வந்தவள் வழி தவறிவிட்டாள் என்றுதான் நினைப்பார்கள். அவளுக்கும் அதுதான் வசதி.

அந்தக் காரில் செத்தவன் பெயர் இசித்ரோ. போன ஆகஸ்டில், மாதா திருநாளுக்கு மறுநாள், அம்மா வீட்டில் மதியச் சாப்பாடு முடித்து எசிஹாவில் ரூம் எடுத்து வேலை பார்க்கிற இடத்துக்குக் கிளம்பினவன். வழியில் ஒரு வளைவு. கார் திரும்பாமல் நேராக ஆலிவ் தோப்புக்குள் உருண்டுவிட்டது. ரோட்டில் பிரேக் போட்ட தடமே இல்லை, தூங்கிவிட்டான் என்று போலீஸ் முடித்துவிட்டது. அம்மா விசெந்தா முடிக்கவில்லை. எஞ்சின் பெல்ட் நார் நாராகக் கிடந்தது என்று தீயணைப்புக்காரன் ஒருத்தன் அவளிடம் வாய் தவறிச் சொல்லியிருந்தான். விபத்துக்கு ரெண்டு நாள் முன்னால்தான் அந்தக் காரில் ஏசி சரி செய்திருந்தார்கள்.

புது கம்ப்ரஸர் இறுகி நின்றால் பெல்ட் அறுந்துவிடும். இந்த மாதிரிப் பழைய காரில் ஸ்டியரிங்கும் அதே பெல்ட்டில்தான் இளகுகிறது. வளைவில் பெல்ட் போனால் ஸ்டியரிங் கல்லாகிவிடும். ஆக, என் பிள்ளையைக் கொன்றது ஏசியை மாட்டினவன், அதாவது வொர்க்‌ஷாப் சிப்ரியானோ என்று விசெந்தா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். போன வாரம் இன்சூரன்ஸ்காரர் பார்க்க வந்தபோது கம்ப்ரஸரையே காணவில்லை. ஆதாரத்தைத் திருடியவனும் சிப்ரியானோதான், நாளைக் காலையில் கோர்ட்டில் புகார் கொடுக்கிறேன், அதற்குள் அந்தச் சாமான் எங்கே என்று கண்டுபிடியுங்கள் என்று ஒப்துலியாவிடம் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஒப்துலியா தக்கையை நகத்தால் சுரண்டினாள். காய்ந்து சுருங்கியிருந்தது. கம்ப்ரஸரை எடுத்து மாசக்கணக்காகியிருக்கும்.

காயலான் கடைக்காரி தோமாசா ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு மூளை உருகுது."

"அக்கா, உருகறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க" என்றான் கீனோ. "இந்த மாடல் காருக்குச் சரியான கம்ப்ரஸர் உங்ககிட்ட இருக்கா?"

"இருக்காவா? அதோ அலமாரியில அடுக்கி வச்சிருக்கேன், வாங்க ஆளில்லாம. ஆனா இந்தக் காருல இருந்தது அது இல்ல. எவனோ பிரெஞ்சு வேனோட கம்ப்ரஸரைக் கொண்டாந்து தனியா பிராக்கெட் அடிச்சு மாட்டியிருந்தான். செப்டம்பர்ல வண்டியைக் கொண்டாந்து இறக்கினப்பவே பார்த்தேன். சின்னப் பிள்ளைக்கு அப்பன் பூட்ஸைப் போட்டுவிட்ட கணக்கா இருந்துச்சு."

"அப்போ அதைத் திருடி வேற எந்த வண்டிக்கும் விக்க முடியாது."

"யாருக்கு விப்பான்? எதுக்கும் பொருந்தாதே."

"சரியானது அலமாரியில இருக்கும்போது, பொருந்தாததை ஏன் மெனக்கெட்டு மாட்டினான்?" என்று ஒப்துலியா குறுக்கே கேட்டாள்.

"எப்போ மாட்டினதாம்?"

"ஆகஸ்ட் நடுவுல."

தோமாசா சிரித்தாள். "ஆகஸ்ட்ல இந்தக் கடையில நாய் கூட இருக்காது அம்மா. கேட்டைப் பூட்டினா செப்டம்பர்லதான் தொறப்பேன். அப்போ எவனுக்கு என்ன தேவைப்பட்டாலும் தன் வீட்டு மூலையில கிடக்கிறதை வச்சு ஒப்பேத்த வேண்டியதுதான்."

ஒப்துலியா விதையைக் கொறிப்பதை நிறுத்தினாள். அவள் கொறிப்பதை நிறுத்தினால் ஏதோ கிடைத்துவிட்டது என்று அர்த்தம். என்ன கிடைத்தது என்று கேட்டால் சொல்ல மாட்டாள். அந்தக் குணத்தோடு கீனோ நாலு வருஷமாகக் குப்பை கொட்டுகிறான்.

சிப்ரியானோவின் வொர்க்‌ஷாப் ஷட்டரில் யாரோ சிவப்புப் பெயின்ட்டில் 'கொலைகாரன்' என்று எழுதியிருந்தார்கள். தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் எழுத்து போகவில்லை. உள்ளே ஒரு வண்டி கூட இல்லை. தடித்த ஆள், எண்ணெய் படியாத கையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்தான். மெக்கானிக்கின் கை அவ்வளவு சுத்தமாக இருப்பதைப் பார்க்கவே கீனோவுக்குக் கஷ்டமாக இருந்தது.

"ஆகஸ்ட்ல நான் கடற்கரையில இருந்தேன்" என்றான் சிப்ரியானோ. "இந்த ஊர்ல பாதிப் பேர் எனக்குப் பக்கத்துலதான் குடை நட்டுப் படுத்திருந்தான். இப்போ எவனுக்கும் ஞாபகம் இல்லையாம். ஒரு நாள் வந்துட்டுப் போயிருப்பேன்னு சொல்றாங்க. பிள்ளையைப் பறிகொடுத்தவகிட்ட யாரு வாய் கொடுப்பாங்க?"

"இசித்ரோதான் அம்மாகிட்ட உங்க பேரைச் சொல்லியிருக்கான். எனக்காகச் சிப்ரியானோ ஷட்டரைத் தொறந்தாருன்னு."

"ஆகஸ்ட்ல என் மாமியார் வண்டி நின்னாலே நான் ஷட்டரைத் தொறக்க மாட்டேன். அந்தப் பையன் ஏன் அப்படிப் பொய் சொன்னான்னு எனக்குத் தெரியல அம்மா. நல்ல பையன் அவன்."

கீனோ போனை நீட்டினான். காரில் எடுத்த படங்கள். சிப்ரியானோ முதலில் அலட்சியமாகப் பார்த்தான், அப்புறம் போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டான்.

"ரெண்டு வேற வேற வண்டிக் குழாயை வெட்டிச் சேர்த்துப் பத்த வச்சிருக்கான். பிராக்கெட்டுக்குப் புதுசா ஓட்டை போட்டிருக்கான். இந்த ஓட்டையோட விளிம்பைப் பாருங்க, அரம் போட்டு வழவழன்னு ஆக்கியிருக்கான். நாளைக்கு எவனாவது உள்ள கை விட்டா கீறக் கூடாதாம். இது வொர்க்‌ஷாப் வேலையே இல்ல. நாங்க சரியான பார்ட்டை வரவழைச்சு மாட்டிட்டு அடுத்த வண்டியைப் பார்ப்போம். கூலிக்கு எவனும் இப்படிச் செய்ய மாட்டான்."

"வேற யாரு செய்வா?"

"இல்லைன்னு சொல்ல முடியாத ஆளுக்காகச் செய்யறவன்."

"இந்தத் தக்கை?"

"ஏசிக் குழாயைத் தொறந்தா உடனே மூடிடணும், உள்ள ஈரம் போனா கெட்டுடும். பழகினவனுக்குக் கை தானா போகும்." அவன் போனைத் திருப்பிக் கொடுத்தான். "ஆனா செத்த வண்டிக்கு நானே மூட மாட்டேன். அப்படியே போட்டுட்டுப் போயிடுவேன்."

வெளியே வந்ததும் கீனோ விரல் விட்டு எண்ணினான். "திருடன் பணத்துக்கு எடுக்கல. சிப்ரியானோவும் எடுக்கல. மிச்சம் இருக்கறது பேய்."

"பேய் தக்கை சீவாதுடா."

"உங்க ஊர்ப் பேய் சீவாது. எங்க ஊர்ப் பேய் ஒயினும் குடிக்கும்."

விசெந்தாவின் வீட்டு ஜன்னல்கள் எல்லாம் மூடி இருட்டாக இருந்தன. மதியத்தில் இந்தப் பக்கம் எல்லா வீடும் அப்படித்தான். ஆனால் இந்த வீட்டு இருட்டில் ஒருத்தன் படம் மாட்டியிருந்தது. சுருட்டை முடி, முன்பல் ஒன்று லேசாக உடைந்த சிரிப்பு. விசெந்தா கழுத்து வரைக்கும் கறுப்புடை போட்டிருந்தாள். வந்தவர்களுக்குச் சாப்பிட்டீர்களா என்று கூடக் கேட்காமல் குளிர்ந்த தக்காளிச் சாந்தைக் கிண்ணத்தில் ஊற்றி, ரொட்டியைப் பிட்டு முன்னால் வைத்தாள்.

அவள் புருஷன் நெமேசியோ நின்றபடியே சாப்பிட்டு முடித்திருந்தான். ஆலிவ் மரத்தை உலுக்கிக் காய் உதிர்க்கிற மெஷின்களைப் பழுது பார்க்கிறவன். ஒல்லியான ஆள். விருந்தாளிகளுக்காகப் புது ஒயின் பாட்டிலைத் திறந்து, ஊற்றிவிட்டு, தக்கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"பாருங்க, மறுபடியும்" என்றாள் விசெந்தா. "ஒவ்வொரு பையிலயும் தக்கை. துணி துவைக்கிற மெஷின் அதைத் தின்னுட்டுத் தின்னுட்டு நிக்குது."

ஒப்துலியாவின் கையிலிருந்த ரொட்டித் துண்டு வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றது. கீனோ அதைப் பார்த்தான். அப்புறம் நெமேசியோவின் சட்டைப் பையைப் பார்த்தான். ஏதாவது சொல்லிவிடாமல் இருக்கக் கிண்ணத்தைப் பார்த்தான்.

"மெஷினை ஐயாவே சரி பண்ணிடுவாரே" என்றாள் ஒப்துலியா.

"இவரா? ஒரு தடவை சரி பண்ணினாரு. எவன் வீட்டு மெஷின் பம்ப்பையோ கொண்டாந்து என் மெஷின்ல மாட்டினாரு. குருத்தோலை ஞாயிறு அன்னைக்கு, வீடு நிறைய ஆளு, அடுப்படி கடலாயிடுச்சு. எதுவும் எதோடவும் சேரும்னு ஒரு நினைப்பு இவருக்கு. அன்னைக்கே சத்தியம் வாங்கினேன். என் பையன் வண்டியில உன் சுண்டுவிரல் பட்டா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்னு. அதனாலதான் பையன் பணம் கொடுத்து வெளிய போனான், அந்தப் பாவி கையில மாட்டினான்."

நெமேசியோ சாவியை எடுத்துக்கொண்டு தொப்பியைத் தொட்டு விடைபெற்றுப் போனான்.

"இந்த வெயில்ல எங்க போறாரு?" என்றான் கீனோ.

"தினமும்தான். ஆத்தங்கரை நிழல்ல படுத்துக்கறாராம். பையன் போனதுல இருந்து இந்த வீட்டுல மத்தியானம் கண்ணே மூட முடியலையாம்."

"அன்னைக்கு இசித்ரோ எப்படிக் கிளம்பினான் அம்மா?" என்று ஒப்துலியா கேட்டாள். "கடைசியா."

"சாப்பிட்டான். கிளம்பினான். வேற என்ன?" விசெந்தா எழுந்து போய், கலையாமல் இருந்த சோபா மெத்தையைத் தட்டிச் சரி செய்தாள். "என் பையன் தூங்கல. அதை மட்டும் யாரும் என்கிட்ட சொல்லாதீங்க."

வாசலுக்கு வந்தார்கள். நெமேசியோவின் பழைய வெள்ளை வேன் அப்போதுதான் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. அது நின்றிருந்த இடத்தில் தரை ஈரமாக இருந்தது. ஒரு குருவி அதில் அலகை நனைத்துக்கொண்டிருந்தது.

"மே மாசத்துல இருந்து மழை இல்ல" என்றாள் ஒப்துலியா.

"வேனுக்கு அவசரம் போல" என்று சொல்லிவிட்டு, கீனோ குனிந்து விரலை வைத்துப் பார்த்தான். எண்ணெய் இல்லை, ரேடியேட்டர் பச்சைத் தண்ணீர் இல்லை. சுத்தமான தண்ணீர். பதினொரு வருஷம் டாக்ஸி ஓட்டினவனுக்கு அது என்ன தண்ணீர் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. குளிரப் போட்ட வண்டிக்கு அடியில் சொட்டுகிற தண்ணீர்.

"டேய், அந்த மாடல் வேன்ல ஏசி உண்டா?"

"அந்த மாடல்லயா? ஜன்னலை இறக்கக் கைப்பிடி இருந்தாலே அதுக்குப் பெரிய வசதி." சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. "அவரு ஜன்னலை ஏத்திவிட்டுத்தான் போனாரு முதலாளியம்மா. இந்த வெயில்ல."

"வண்டியை எடு."

வேன் ஆற்றுப் பக்கமே போகவில்லை. எசிஹா ரோட்டில் ஏறியது. கீனோ எட்டத்திலேயே பின்தொடர்ந்தான். அவன் காரில் ஏசி வேலை செய்து ரெண்டு கோடை ஆகிறது, சம்பளம் ஒழுங்காக வந்தால் செய்யலாம் என்று முதலாளியம்மாவுக்குக் கேட்கிற மாதிரி முணுமுணுத்தான். வேறு நாளாக இருந்தால் அவளும் பதிலுக்கு ஒன்று கொடுத்திருப்பாள். இன்றைக்குக் கொடுக்கவில்லை.

அந்த வளைவு வந்தது. ரோட்டோரத்து ஆலிவ் மரத்தில் பிளாஸ்டிக் பூ கட்டியிருந்தது, வெயிலில் வெளுத்து. நெமேசியோ வேகத்தைக் குறைக்கவில்லை. வேன் வளைவுக்குள் போனது, ஒட்டி உரசித் திரும்பி, நேராகி, கொஞ்ச தூரம் போய் வட்டம் அடித்துத் திரும்பி வந்தது. மறுபடியும் அதே வேகம். மறுபடியும் வட்டம்.

"என்ன பண்றாரு?" என்றான் கீனோ. அவன் குரலில் கேலி காணாமல் போயிருந்தது.

ஒப்துலியா இறங்கி ரோட்டோரத்தில் நின்று கையைக் காட்டினாள். வேன் வந்து நின்றது. அவள் எதுவும் கேட்காமல் கதவைத் திறந்து முன்னால் ஏறிக்கொண்டாள். கீனோ பின்னால் சாமான் பெட்டி மேல் உட்கார்ந்தான். உள்ளே ஜில்லென்று இருந்தது. வேர்வை கழுத்திலேயே காய்ந்துவிட்டது.

"நல்ல ஏசி" என்றாள் ஒப்துலியா.

நெமேசியோ ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்தான். ஒரு வருஷமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவன் முகம் அது.

"முன்னாடி இருக்கிற கண்டென்ஸர் ஒரு டிராக்டருது" என்றான். "உள்ள இருக்கிற குளிர்ப்பெட்டி ஒரு டாக்ஸியில இருந்து எடுத்தது. கம்ப்ரஸர் அவன் வண்டியில இருந்தது. அதே பிராக்கெட். பெல்ட் அதே மாதிரி. ஸ்டியரிங்கையும் அதே பெல்ட்லதான் கோத்திருக்கேன். அவன் வண்டியில எப்படி இருந்துச்சோ அப்படியே."

"நீங்கதான் அவனுக்கு மாட்டினது."

"ஊரே பூட்டிக் கிடந்துச்சு. அவன் வந்து நின்னான். அப்பா, சட்டை பிழிஞ்சு உடுத்தற மாதிரி நனைஞ்சு போகுது, வேலைக்குப் போனா பக்கத்துல நிக்கிறவன் நகர்ந்து நிக்கிறான்னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். என் கொட்டகையில இந்த ஒரு கம்ப்ரஸர்தான் கிடந்துச்சு. ஏதோ பிரெஞ்சு வேனோடது. பொருத்தினேன். ரெண்டு பேரும் சேர்ந்துதான் பொருத்தினோம். அவன் விளக்கு பிடிச்சான். அம்மாகிட்ட சிப்ரியானோ பேரைச் சொல்லிக்கலாம்ப்பான்னு அவன்தான் சொன்னான். எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு."

அவன் ஏசித் துவாரத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"பெல்ட் அறுந்து கிடந்துச்சுன்னு விசெந்தா வந்து சொன்னப்போ எனக்கு உயிரே இல்ல" என்றான். "ஆலிவ் அறுவடைக்கு முன்னாடி தோமாசா கடை வேலி ஏறிக் குதிச்சேன். மறைக்கணும்னு எடுக்கல அம்மா. எனக்குத் தெரியணும். இதுதான் அவனைக் கொன்னுச்சுன்னா, இதே வளைவுல என்னையும் கொல்லட்டும். அதுக்குத்தான் தினமும் இதே நேரத்துக்கு வரேன்."

"சிப்ரியானோ?"

"சொல்லிடணும்னு தினமும்தான் வீட்டுக்குப் போறேன். அவ முகத்தைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்குது. சொன்னா அவ போயிடுவா. அவளும் இல்லைன்னா அந்த வீட்டுல அவன் படம் மட்டும்தான்."

"பெல்ட் அறுந்துச்சா?"

"இல்ல."

"கம்ப்ரஸர் இறுகுச்சா? சத்தம் கித்தம்?"

"ஒண்ணும் இல்ல."

கீனோவுக்கு நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. முன்னால் குனிந்து அவன் தோளில் கை வைத்தான். "ஐயா, அப்போ நீங்க ஒண்ணும் பண்ணல. வண்டி உருண்டா எந்த பெல்ட்டும்தான் அறுந்து போகும். ஸ்டியரிங் கல்லானா எவனா இருந்தாலும் பிரேக்கை மிதிச்சிருப்பான். தடமே இல்லைன்னு போலீஸ் சொல்லுதே. உங்க வேலை சுத்தமான வேலை. ஊர்ல இருக்கிற எந்த மெக்கானிக்கும் இப்படிப் பொருத்தினதில்ல."

நெமேசியோ கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தான். ஏசித் துவாரத்தை லேசாகத் திருப்பிவிட்டான். குளிர் காற்று கீனோவின் முகத்தில் நேராக அடித்தது.

"சாப்பிட்டியா தம்பி?"

"உங்க வீட்டுலதானே சாப்பிட்டேன்."

"எப்படி இருக்கு?"

சொர்க்கமாக இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்த கீனோவுக்குக் கொட்டாவி வந்தது. பாதியில் அடக்கப் பார்த்தான், அடங்கவில்லை. வெளியே வெயிலில் வந்தபோது கொட்டக் கொட்ட விழித்திருந்த கண், ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் சொக்கிக்கொண்டு போவது அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது. அவன் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டான்.

"பழைய மாதிரின்னா அவன் நாலு ஜன்னலையும் தொறந்து போட்டுட்டுத்தான் ஓட்டுவான்" என்றான் நெமேசியோ. "நனைஞ்சு, வெயிலைத் திட்டிக்கிட்டு, பாட்டைக் கத்திக்கிட்டு. அந்தப் புழுக்கத்துல எவன் தூங்குவான்? இது கெட்டுப் போயிருந்தா இரும்பு மேல பழி போட்டுட்டுச் செத்துடலாம்னு பார்த்தேன். கெட மாட்டேங்குது. நல்லா வேலை செய்யுது. என் வேலையிலயே இது ஒண்ணுதான் இவ்வளவு நல்லா அமைஞ்சது. நான்தான் அவனுக்குத் தூக்கத்தைப் பொருத்திக் கொடுத்தேன்."

அழுகை வந்தபோது அவன் தொப்பியை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டான். நாலு வருஷமாக எந்தப் பிணத்தின் முன்னாலும் ஏதாவது கேலி பேசிவிடுகிற கீனோ, சாமான் பெட்டி மேல் உட்கார்ந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒப்துலியா பையைத் திறந்தாள், கைக்குட்டையைத் தேடினாள், சூரியகாந்தித் தொலிதான் வந்தது, மூடிவிட்டாள்.

"நான் கண்டுபிடிச்சதை அவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும் நெமேசியோ" என்றாள். "நாளைக்கு அவங்க கோர்ட்டுக்குப் போனா சிப்ரியானோ பொழைப்பு போயிடும். ஆனா முதல்ல நீங்க சொல்லுங்க. நான் வாசல்ல நிக்கிறேன்."

ரெண்டு வண்டியும் வீட்டுக்குத் திரும்பின. நெமேசியோ சொன்னான். அடுப்படி வாசலில், தொப்பியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒன்றையும் விடாமல். கொட்டகை, வேன் கம்ப்ரஸர், விளக்கு பிடித்த பையன், சிப்ரியானோ பெயர், வேலி, வளைவு, தூக்கம். வாசலில் நின்ற கீனோ, இப்போது பாத்திரம் பறக்கும், இப்போது கத்துவாள், இப்போது பெட்டியைக் கட்டுவாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தான்.

விசெந்தா கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள். கையைத் துடைத்தாள். துடைத்த கையையே ரொம்ப நேரம் துடைத்தாள்.

"சத்தியம் பண்ணினியே நெமேசியோ."

"பண்ணினேன்."

"நல்லா வேலை செஞ்சுதா? அவன் வண்டியில?"

"செஞ்சுது விசெந்தா."

அவள் தலையாட்டினாள். கூடத்துக்கு வந்து சோபா பக்கத்தில் நின்றாள். உட்காரவில்லை.

"அன்னைக்கு அவன் இதுல படுத்தான்" என்றாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. "சாப்பிட்டதும் தலையணையை எடுத்து வச்சுக்கிட்டு, அம்மா, கண்ணு எரியுது, கொஞ்ச நேரம் படுத்துட்டுப் போறேன்னான். திருநாளுக்கு வந்த உன் அக்கா காப்பிக்கு வரேன்னு சொல்லியிருந்தா. சோபாவுல மெத்தை எல்லாம் புதுசா மாத்தி வச்சிருந்தேன். கலைஞ்சுடும்னு... எந்திரிடா, இப்பத்தான் உன் வண்டி குளுகுளுன்னு இருக்கே, என்ன கஷ்டம், எசிஹா போய் உன் ரூம்ல தூங்குன்னு நான்தான் எழுப்பிவிட்டேன். என் கன்னத்துல முத்தம் கொடுத்துட்டுப் போனான்."

நெமேசியோ ஓர் அடி எடுத்து வைத்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அவன் தூங்கினான்னு யாராவது சொன்னா எனக்கு வெறி வந்துச்சு. தூங்கினான்னா, நான்தானே தூங்க விடல. அதுக்குத்தான் சிப்ரியானோவைப் பிடிச்சுக்கிட்டேன்." அவள் ஒப்துலியாவைப் பார்த்தாள். "ஷட்டர்ல எழுதினது யாருன்னு எனக்குத் தெரியும், என் தம்பி மகன்தான். சாயங்காலம் அவனை இழுத்துட்டுப் போய், நானே கூட நின்னு கழுவறேன். சிப்ரியானோ என்னைத் திட்டட்டும். அவன் எவ்வளவு திட்டினாலும் தகும்."

ஒப்துலியா தலையை மட்டும் அசைத்தாள். அவளுக்கு இனி அங்கே வேலை இல்லை. கீனோவை முழங்கையால் இடித்து வெளியே நகர்த்தினாள்.

காரில் ஏறிச் சாவியைப் போடுவதற்குள் வீட்டுக் கதவு திறந்தது. விசெந்தா கையில் விசிறியோடு வந்தாள். கண் கூசி நின்றாள். ஒரு வருஷமாக அந்த நேரத்துக்கு அவள் தெருவுக்கு வந்ததில்லை. வேனின் மறுபக்கத்துக்கு நடந்து, கதவைத் திறந்து, ஏறி உட்கார்ந்தாள். பின்னாலேயே வந்த நெமேசியோ வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"என்ன பார்க்கிற? வண்டியை எடு. அவன் போன ரோட்டை நான் இன்னும் பார்க்கல."

"வெயில் தாழட்டும் விசெந்தா. ராத்திரி பூரா தூங்காத கண்ணு எனக்கு. மத்தியானம் ஓட்டினா..."

"தெரியும். தூங்காதது எனக்குத் தெரியாதா? நானும்தானே பக்கத்துல முழிச்சுக் கிடக்கிறேன்."

அவன் மெதுவாக ஏறினான். எஞ்சின் உறுமியது. ஜன்னலை இறக்கக் கைப்பிடியைத் தேடின அவன் கையை அவள் விசிறியால் தட்டிவிட்டாள்.

"ஏசியைப் போடு" என்றாள். "நல்லா வை. அவனுக்கு நீ செஞ்சு கொடுத்தது எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரிய வேண்டாமா? வழி பூரா நான் பேசிக்கிட்டே வரேன். நீ தூங்கிடாத."

வேன் நகர்ந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விசெந்தாவின் வாய் அசைய ஆரம்பித்திருந்தது. தெருமுனை திரும்புகிற வரைக்கும் அது நிற்கவே இல்லை.